தீசிஸ் பாக்கி, பெர்மிட் செப்டம்பரோடு முடிகிறது: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் வேறு யாராவது வாசித்தாலும் புரியட்டும். ஊர் தங்கச்சிமடம். ஜெர்மனியில் எம்எஸ்சி, நாலு செமஸ்டர் படிப்பு, அது இந்தச் செப்டம்பரோடு முடிகிறது, ஆனால் தீசிஸ் முடிய இன்னும் நாலைந்து மாதம் ஆகும். அங்கே தங்குவதற்கான ரெசிடென்ஸ் பெர்மிட்டும் செப்டம்பர் 30 வரைதான். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டக் கட்டி வைத்த பிளாக்டு அக்கவுண்ட் காலி. அப்பா விசைப்படகில் டிரைவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு ஏஜெண்ட் 40,000 ரூபாய் கொடுத்தால் "பணம் காட்டித் தருகிறேன்" என்கிறார். அமெரிக்காவில் படிக்கிற உன் கூட்டாளி விசா முடிந்தால் ஒன்றும் ஆகாது என்கிறான். கீழக்கரையில் இருக்கும் அப்பாவின் சிநேகிதர், யுனிவர்சிட்டியே எல்லாவற்றையும் புதுப்பித்துக் கொடுத்துவிடும், பையனைப் படிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறார். அக்டோபரில் அக்கா கல்யாணம், ஊருக்கு வரலாமா கூடாதா என்பது கடைசிக் கேள்வி.

நான் மண்டபத்துக்காரன், அங்கே படித்துவிட்டுத் திரும்பியவன், இந்தப் புதுப்பித்தலை இரண்டு தடவை செய்திருக்கிறேன், அதில் ஒரு தடவை சொதப்பியும் இருக்கிறேன். பயப்படும் அளவுக்கு உன் விஷயத்தில் ஒன்றுமில்லை. ஆனால் நீ கவலைப்படுவது தப்பான தேதியைப் பற்றி. செப்டம்பர் 30க்குள் புது அட்டை கைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறாய். வராது. பெரிய ஊராக இருந்தால் நிச்சயம் வராது. செப்டம்பர் 30க்குள் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று, உன் விண்ணப்பம் பெர்மிட் கொடுக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தது என்பதற்கு உன் கையில் சாட்சி இருக்க வேண்டும். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் 81ஆம் பிரிவு, அதில் 4ஆம் உட்பிரிவு இதைத்தான் சொல்கிறது: பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அவர்கள் முடிவு சொல்லும் வரைக்கும் பழைய பெர்மிட் தொடர்வதாகவே கணக்கு. படிக்கலாம், பழைய பெர்மிட்டில் வேலைக்கு என்ன அனுமதி இருந்ததோ அதுவும் அப்படியே தொடரும். முடிவு வர ஆறு மாதம் ஆனாலும் அது அவர்கள் தாமதம், உன் குற்றமில்லை. அக்டோபர் 1ஆம் தேதி விண்ணப்பித்தால் கதை வேறு. தாமதமாக வந்தவர்களுக்கும் கஷ்டத்தைப் பார்த்து அந்தத் தொடர்ச்சியைக் கொடுக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது அவர்கள் மனது வைத்துக் கொடுப்பது. ஒரு நாள் பிந்தியதற்காக இன்னொருவர் தயவில் போய் நிற்க வேண்டுமா?

உன் கூட்டாளி சொல்வது பொய் இல்லை, அவன் நாட்டுக்கு அது சரி. அமெரிக்காவில் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா என்பது உள்ளே நுழையும் வாசலுக்கான சீட்டு. உள்ளே போன பிறகு அவனைக் காப்பாற்றுவது கல்லூரி கொடுக்கும் ஐ-20 என்கிற தாள்தான். அதில் போட்டிருக்கும் படிப்பு முடியும் தேதிக்கு முன்னால் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம் சொல்லி, தக்க காரணம் காட்டி நீட்டிக்க வேண்டும். அந்தத் தேதியை விட்டால் அவனுக்கும் கழுத்தில் கத்திதான், அதை அவன் உன்னிடம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் யுனிவர்சிட்டியிடம் புதிதாகக் காஸ் (CAS) என்கிற சேர்க்கை உறுதியை வாங்கி விசா முடியும் முன்னே விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தை நீயே திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கு நீட்டிப்பு என்ற ஒன்றே கிடையாது, மறுபடி முதலிலிருந்து புது விண்ணப்பம், 2025 ஜூலையிலிருந்து அதற்குக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். கனடாவில் தேதி தவறினால் 90 நாளுக்குள் நிலையை மீட்டுக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆக, ஒரு நாட்டுக்காரன் சொல்லும் யோசனையை இன்னொரு நாட்டுக்காரன் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கீழக்கரைக்காரர் சொன்னதும் இதே ரகம்தான். நம் கரையில் வெளிநாடு என்றால் பாதிப் பேருக்கு வளைகுடாதான். அங்கே அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் கம்பெனியின் பிஆர்ஓ பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவார், விசா அடித்து, பத்தாக்கா என்கிற அடையாள அட்டையைப் புதுப்பித்துக் கொண்டுவந்து கொடுப்பார், இவர்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி. முப்பது வருஷம் அப்படியே இருந்தவர் யுனிவர்சிட்டியையும் ஒரு கம்பெனியாக நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் உனக்கு அங்கே ஸ்பான்சர் யாரும் கிடையாது. யுனிவர்சிட்டியின் இன்டர்நேஷனல் ஆபீஸ் வழி சொல்லும், சில ஊர்களில் படிவத்தைக் கூட வாங்கி வைத்துக்கொள்ளும், விண்ணப்பதாரர் என்னவோ நீதான். உன் பெர்மிட் முடிகிறது என்று யாரும் உனக்கு நினைவூட்டக் கடிதம் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரியவர் மனசு நோகாமல் "சரிங்க காக்கா, பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

இப்போது நான் சொதப்பிய கதை. அதைச் சொன்னால்தான் சாட்சி, சாட்சி என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று உனக்குப் புரியும்.

என் பெர்மிட் முடிய ஐந்து வாரம் இருக்கும்போது வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டேன். டெர்மின், அதாவது அப்பாயின்ட்மென்ட், வேண்டும் என்று இரண்டு வரி, கூட பாஸ்போர்ட் நகல். அவ்வளவுதான். தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, உங்கள் மெயில் கிடைத்தது, பதிலுக்குக் காத்திருங்கள் என்று. நானும் காத்திருந்தேன். தேதி முடிந்தது. நான் பகுதி நேரமாக வேலை பார்த்த இடத்தில் மறுநாளே பெர்மிட்டின் புது நகலைக் கேட்டார்கள். நான் அந்தத் தானியங்கிப் பதிலை அச்செடுத்து நீட்டினேன். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு ஷிப்ட் அட்டவணையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் அபராதம் அவர்களுக்கு. அப்புறம் என்ன, ஜனவரிக் குளிரில் விடிகாலை ஐந்து மணிக்கு அந்த அலுவலக வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேர். அம்மா போனில், "அங்கேயும் ரேஷன் கடை மாதிரிதானா?" என்று கேட்டார்.

உள்ளே போனதும், நல்லவேளை, என் மெயிலை விண்ணப்பமாகவே ஏற்றுக்கொண்டார்கள். டெர்மின் கேட்பதும் விண்ணப்பம் போடுவதும் வேறு என்று சொல்லும் அலுவலகங்களும் உண்டு, அதனால் நீ அந்தச் சூதாட்டத்துக்குப் போகாதே. கேட்டுக்கு வெளியே இன்னும் ஆள் நிற்கிறது, அந்த ஊழியருக்கும் அவசரம். மூன்றாக மடித்த ஒரு தாளை எடுத்தார், போட்டோ ஒட்டினார், முத்திரை குத்தினார், 13 யூரோ வாங்கினார், கொடுத்தார். அதுதான் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங், நம் பையன்கள் வாயில் "ஃபிக்ஷன் பேப்பர்". விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, இவர் சட்டப்படிதான் இங்கே இருக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அறைத்தோழன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் தப்பான கட்டத்தில் அல்லவா டிக் போட்டிருக்கிறது" என்றான். அந்தத் தாளின் உள்பக்கத்தில் கட்டங்கள் இருக்கும். 81ஆம் பிரிவு 3ஆம் உட்பிரிவு என்று உண்டு, 4ஆம் உட்பிரிவு என்றும் உண்டு. மூன்று என்பது பெர்மிட்டோ நீண்டகால விசாவோ இல்லாமல் முதல் முறையாகக் கேட்பவர்களுக்கு. அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. நான்குதான் நம்முடையது, பழைய பெர்மிட் தொடர்கிறது என்று சொல்வது. எனக்கு மூன்றில் டிக். மறுநாள் மறுபடி ஐந்து மணி, மறுபடி வரிசை. அவர் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் புதுத் தாள் எழுதிக் கொடுத்தார். அதனால் நீ அந்தத் தாளை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல், அங்கேயே நின்று, எந்தக் கட்டம், எந்தத் தேதி வரை, பெயர் எழுத்து சரியா என்று மூன்றையும் பார். பின்னால் நிற்பவன் முறைத்தால் முறைக்கட்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். இப்போது ஜூன் தொடக்கம். ஜூலைக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடு. உன் ஊரில் ஆன்லைன் வழி இருந்தால் அதில் போடு, கடைசியில் வரும் உறுதிப் பக்கத்தை பிடிஎஃப்பாக எடுத்து வை. மெயில்தான் வழி என்றால், "என் பெர்மிட்டை நீட்டிக்க இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன்" என்ற வாக்கியம் முதல் வரியிலேயே ஜெர்மனில் இருக்கட்டும், படிவமும் மற்ற தாள்களும் அதே மெயிலில் போகட்டும். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் அதையே அச்செடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பு. சில யூரோதான் செலவு. டெர்மின் நவம்பரில் கிடைத்தால் பரவாயில்லை, எடுத்துக்கொள். இடையில் செப்டம்பர் நடுவில் ஃபிக்ஷன் பேப்பரைத் தனியாகக் கேட்டு எழுது.

இன்னொன்று, வாடகை குறைகிறது என்று இந்த நேரத்தில் வேறு ஊருக்கு அறை மாற்றாதே. மாறினால் இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும், பதிந்ததும் உன் கோப்பு பழைய ஊர் அலுவலகத்திலிருந்து புது ஊருக்குப் போக வேண்டும். அது வந்து சேரும் வரை புது ஊர்க்காரர் எதையும் தொட மாட்டார்.

பணம். இதில்தான் நீ ரொம்பக் கலங்கிப் போயிருக்கிறாய், அப்பாவும்.

2024 செப்டம்பர் 1 முதல் பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும், 2023இல் 11,208ஆக இருந்தது, அதனால் விண்ணப்பிக்கும் மாதத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள். தடைக்காலத்தில் 12 லட்சத்துக்கு எங்கே போவது என்று உன் அப்பா தூங்காமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரிடம் சொல், 12 லட்சம் தேவைப்படாமலே போகலாம். முதல் தடவை சென்னையில் விசா வாங்கும்போது உனக்கு அங்கே வருமானம் எதுவும் கிடையாது, அதனால் முழுத் தொகையையும் கட்டி வைத்தீர்கள். இப்போது நீ அங்கே இருக்கிறாய். அவர்கள் பார்ப்பது, பெர்மிட் கேட்கும் காலம் முழுக்க மாதம் 992 எங்கிருந்து வரும் என்பதைத்தான். அது பிளாக்டு அக்கவுண்ட்டாக இருக்கலாம், ஸ்காலர்ஷிப்பாக இருக்கலாம், உன் சம்பளமாக இருக்கலாம், அங்கே நல்ல வருமானத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுக்கும் பொறுப்புறுதியாக இருக்கலாம். இவற்றைக் கலந்தும் காட்டலாம்.

லேபில் உதவியாளர் வேலையில் மாதம் 600 யூரோ வருகிறது என்றாய். ஒப்பந்தம் இருக்கிறதா? எப்போது வரை? ஜூலையில் முடிகிறது என்றால் இன்றே புரொபசரிடம் பேசி மார்ச் வரைக்கும் நீட்டி வாங்கு, அந்த ஒரு தாளின் மதிப்பு பல லட்சம். கணக்கைப் பார். 992இல் 600 போனால் 392. ஆறு மாத நீட்டிப்பு என்றால் 2,352 யூரோ, இரண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு வருடக் கணக்கு கேட்டால் 4,704 யூரோ. சில அலுவலகம் நீ கேட்கும் காலத்துக்கு மட்டும் பார்க்கும், சில அலுவலகம் ஒரு வருடம்தான் என்று பிடிவாதமாக நிற்கும், அதை மெயிலிலேயே கேட்டுத் தெரிந்துகொள். ஒப்பந்தத்தோடு கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், மீதித் தொகை அங்கே உன் பெயரில் இருக்கும் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் சேர்த்துக் கொடு. ஊரில் அப்பாவின் பாஸ்புக்கை நகல் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறாய், அதை மட்டும் நம்பி உட்காராதே, பல இடங்களில் எடுபடாது.

வேலை நாட்கள் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வை. 2024 மார்ச் முதல் மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், முன்பு 120, 240 ஆக இருந்தது. படிப்பில் கட்டாயமாக இருக்கும் இன்டர்ன்ஷிப் இதில் சேராது. சம்பளம் காட்டப் போய், வரம்பைத் தாண்டி வேலை பார்த்ததைக் காட்டிவிடக் கூடாது பார்.

அந்த ஏஜெண்ட் விஷயம். 40,000 ரூபாயும் போகும், படிப்பும் போகும். யாரோ ஒருவர் பணத்தை இரண்டு வாரம் உன் கணக்கில் போட்டு எடுப்பதுதான் அவர் வித்தை. பிளாக்டு அக்கவுண்ட்டில் மாதாமாதம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று பூட்டு இருக்கிறது, அங்கே அந்த வித்தை செல்லாது. போலித் தாளில் இறங்கினால் அது இன்னும் மோசம், பெர்மிட்டுக்காகப் பொய்த் தகவல் கொடுப்பது அந்த ஊர்ச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம், நாட்டை விட்டு அனுப்பவும் காரணமாகும். உன் அப்பாவுக்கு இதைப் புரிய வைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். மீன்துறையில் டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போன படகுக்கு நடுக்கடலில் ஒன்று ஆனால் கரையில் யாரிடம் போய் என்ன பேச முடியும் என்று அவருக்கே தெரியும்.

அடுத்து படிப்பு. பணத்தை விட இதைத்தான் அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள் என்பது என் அனுபவம், ஆனால் உனக்கு இதில் பெரிய தொந்தரவு இல்லை. படிப்பு இன்னும் முடியவில்லை, நியாயமான காலத்துக்குள் முடிந்துவிடும் என்றால் நீட்டிக்க வேண்டும் என்பதுதான் அதே சட்டத்தின் 16பி பிரிவு. முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் அலுவலகம் யுனிவர்சிட்டியையே கேட்கலாம். நியாயமான காலம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், உன் யுனிவர்சிட்டியில் அந்தப் படிப்பைச் சராசரியாக எத்தனை செமஸ்டரில் முடிக்கிறார்களோ அதற்கு மேல் மூன்று செமஸ்டர் வரை. நாலு செமஸ்டர் என்று காகிதத்தில் இருக்கும் படிப்பை ஐந்தில் முடிப்பவர்கள்தான் பல துறைகளில் அதிகம். நீ ஐந்தாவதுக்குள் இப்போதுதான் போகப் போகிறாய். இதற்காக வெட்கப்பட்டு மெயிலில் பெரிய மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம்.

புரொபசரிடம் ஒரு கடிதம் வாங்கு. "இவர் நல்ல மாணவர்" என்று எழுதிக் கொடுத்தால் பிரயோசனமில்லை, அதில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: தீசிஸ் எந்தத் தேதியில் பதிவானது, ஏன் தாமதம், எப்போது கொடுப்பார், எப்போது மதிப்பெண் வரும். உன் தாமதத்துக்குக் காரணம் கருவி பழுதாகி ஏழு வாரம் நின்றது என்றாய் அல்லவா, அதை அவர் கையெழுத்தில் வாங்கு. பெரும்பாலான புரொபசர்கள் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள், அதுதான் உனக்கும் நல்லது. கூட இதுவரை எடுத்த கிரெடிட்டுகளின் பட்டியல், அடுத்த செமஸ்டருக்கான பதிவுச் சான்று. பதிவுச் சான்று என்றதும் ஞாபகம் வருகிறது, தீசிஸ் மட்டும்தானே என்று குளிர்கால செமஸ்டருக்குப் பணம் கட்டாமல் விட்டுவிடாதே. அக்டோபர் 1இலிருந்து மாணவர் பட்டியலில் பெயர் இல்லை என்றால் மாணவர் பெர்மிட் எதை வைத்துக் கொடுப்பார்கள்? மறுபதிவுக்குக் கடைசித் தேதி கோடையிலேயே வந்துவிடும். மருத்துவ இன்சூரன்ஸும் அப்படித்தான், உனக்கு 30 வயது ஆகவில்லை என்பதால் மாணவர் கட்டணத்திலேயே தொடரலாம், அந்தச் சான்றையும் சேர்த்துக் கொடு. நீட்டிப்புக் கட்டணம் 93 யூரோ, மூன்று மாதமோ அதற்குள்ளோ நீட்டினால் 96. ஏன் குறைந்த காலத்துக்குக் கூடுதல் என்று என்னைக் கேட்காதே. போட்டோ 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டலாகத்தான் வாங்குகிறார்கள், ஊரிலிருந்து கொண்டுபோன ஸ்டூடியோ போட்டோவை எடுத்துக்கொண்டு போய் நிற்காதே.

அக்கா கல்யாணம். பேப்பர் கையில் இருந்து, 4ஆம் உட்பிரிவுக் கட்டத்தில் டிக் இருந்து, அந்தத் தாளின் தேதிக்குள் திரும்புவதாக இருந்தால், சட்டப்படி வரலாம், போகலாம். பாஸ்போர்ட், பழைய அட்டை, அந்தத் தாள் மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். காலாவதியான அட்டை என்று எங்காவது தூக்கிப் போட்டுவிடாதே. நடைமுறையில் இடிப்பது எங்கே என்றால் விமான நிலையத்தில். சென்னையில் செக்-இன் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தாள் பழக்கமில்லாமல் இருக்கலாம், ஜெர்மனில் எழுதியிருக்கும், அட்டையில் தேதி முடிந்திருக்கும், அவர் மேலாளரைக் கூப்பிடுவார், உனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் மூன்றாம் நாட்டில் இறங்கி மாறும் மலிவு டிக்கெட் வேண்டாம், ஜெர்மனிக்கு நேராகப் போகும் விமானமாகப் பார். கவுண்டருக்கு நாலு மணி நேரம் முன்பே போ. டிக்கெட்டைப் பேப்பர் கையில் வந்த பிறகு போடு, விலை கூடினாலும் பரவாயில்லை. அக்டோபருக்குள் பேப்பரே வரவில்லை என்றால், தம்பி, வராதே. வீடியோவில் பார்த்துக்கொள், அக்கா திட்டினால் நான் பேசுகிறேன்.

பேசாமல் செப்டம்பரில் ஊருக்கு வந்துவிட்டு மறுபடி புது விசா போட்டால் என்ன என்றும் கேட்டிருந்தாய். அதை மட்டும் செய்யாதே. சென்னையில் மறுபடி முதலிலிருந்து வரிசை, மறுபடி முழுப் பிளாக்டு அக்கவுண்ட், அதற்குள் தீசிஸின் கெடு ஓடிவிடும். அங்கே இருந்துகொண்டே நீட்டிப்பதுதான் மலிவு, சுலபம்.

ஒருவேளை நீ நினைப்பதற்கு முன்பே தீசிஸ் முடிந்து, செப்டம்பருக்குள் மதிப்பெண்ணும் வந்துவிட்டால், மாணவர் பெர்மிட்டை நீட்டவே வேண்டாம். படித்து முடித்தவர்களுக்கு 18 மாதம் வேலை தேடும் பெர்மிட் இருக்கிறது, நேராக அதைக் கேள். அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம், நாள் கணக்கு கிடையாது. பட்டம் அச்சாகி வர மாதங்கள் ஆகும் என்பதால், முடித்துவிட்டார் என்று தேர்வு அலுவலகம் கொடுக்கும் தற்காலிகச் சான்றே போதும். ஆனால் அந்த 18 மாதத்துக்கு மேல் அதை இழுக்க முடியாது. அதனால் வேலை விஷயத்தில் இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருப்பது நல்லது.

பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று நீ எழுதவே இல்லை. அதை முதலில் எடுத்துப் பார். பாஸ்போர்ட் தேதியைத் தாண்டி பெர்மிட் கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எடுத்ததாக இருந்தால் பத்து வருடம் நெருங்கியிருக்கும். பெர்லின் தூதரகம், பிராங்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்கள், இதில் உன் மாநிலம் எதன் கீழ் வருகிறதோ அங்கே புதுப்பிக்கலாம். ஊரில் போலீஸ் சரிபார்ப்புக்கு யாராவது வந்தால் வீட்டில் ஆள் இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லி வை.

கடைசியாக அப்பா அனுப்ப வேண்டிய அந்த இரண்டே கால் லட்சம். ஜூன் 14ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்து, 15ஆம் தேதியிலிருந்து படகு போகும். 61 நாள் ஓய்ந்த கடல் என்பதால் முதல் சில தடவை கடலுக்குப் போகும்போது இறால் ஓரளவு வரும், டிரைவர் பங்கும் வரும் என்று நம்பித்தான் அப்பா ஜூலை என்கிறார். சரி. ஆனால் அதை நம்பி அவர் ஜூலை கடைசியில் பேங்க் வாசலில் போய் நிற்க வேண்டாம், தாள் வேலையைக் கடல் திறப்பதற்கு முன்பே முடித்து வைக்கச் சொல். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது நம் பக்கத்துச் சின்னக் கிளைகளில் தினமும் நடக்கும் வேலை கிடையாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவம், அப்பாவின் பான் கார்டு, உன் பாஸ்போர்ட் நகல், பதிவுச் சான்று, அங்கே உன் கணக்கின் ஐபான் (IBAN) என்கிற சர்வதேசக் கணக்கு எண் எல்லாம் கேட்பார்கள், கிளையில் வாங்கி அந்நியச் செலாவணி பார்க்கும் வேறு கிளைக்கு அனுப்புவார்கள், அதில் ஒரு வாரம் போகும். நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் டிசிஎஸ் என்று பேங்க் வசூலிக்கும் வரிப் பிடித்தம் இல்லை, உங்கள் தொகை அதற்குள்தான்.

இதில் எல்லாருக்கும் இடிக்கும் இடம் பெயர். உன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அவர் பான் கார்டில் இனிஷியலோடு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும், பேங்க் கணக்கில் மூன்றாவது மாதிரி. எங்கள் வீட்டில் அப்பா பெயரில் ஒரு எச் கூடியிருந்ததற்காகப் பணம் பன்னிரண்டு நாள் தொங்கியது, மீன்துறை அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியும் கேட்கவில்லை, கடைசியில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. அப்பாவை மூன்றையும் மேசையில் வைத்து ஒரே போட்டோவாக எடுத்து உனக்கு அனுப்பச் சொல். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் இருந்தால் எனக்கு எழுது. எங்கள் வேலையை முடித்துக் கொடுத்த நோட்டரி ராமநாதபுரத்தில்தான் இருக்கிறார், அப்பாவை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.